படிக்காமல் போட்ட கையெழுத்து

குத்தாலத்தைச் சுற்றியுள்ள நான்கு ஊர் விவசாயிகள் பங்கு சேர்த்து நடத்தும் நிறுவனம் எங்களுடையது. இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி. ஆறு ஆண்களை எழுதிவிட்டு ஏழாவதாக என் பெயரை எழுதினார்கள். அப்பா விட்டுப்போன மூன்று மா நிலம் என் பெயரில் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், பி.காம். முடித்திருந்தேன். அந்த நாற்காலி எனக்கு உரியதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இரண்டாவது கூட்டத்துக்குத் தகவல் வரவில்லை. மறுநாள் காலையில் தலைவரே தீர்மான நோட்டோடு எங்கள் தெருவுக்குள் வந்தார்.

"பொம்பளப் புள்ளய எதுக்கு அலைக்கழிக்கணும்? எப்பவும் நோட்டு வீட்டுக்கே வந்துடும். அதான் வழக்கம்."

அவர் வயலில் அம்மா இருபது வருடம் நடவு நட்டவள். அவளை 'ஏய்' என்று கூப்பிட்டே பழகியவர், அன்று "டீ இருந்தா குடுங்கம்மா" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்து குடித்தார். எதிர்வீட்டு வாசலில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள். நான் அவர் விரல் வைத்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காட்சி கலைந்துவிடக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

குறுவை அறுவடை முடிந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. அம்மாவின் தங்கை, என் சித்தி, வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பயிர் செய்தவள். ஈர நெல்லை ஏற்றிக்கொண்டு நிறுவனத்தின் உலர்த்தும் இயந்திரத்துக்குப் போனாள். சிட்டாவில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இயந்திரம், குத்தகைக்காரர்களுக்குக் கிடையாது, அப்படித் தீர்மானம் ஆகிவிட்டது என்றார்கள். சித்தியோடு இன்னும் பதினோரு பெண்கள் திரும்பினார்கள். சாலையோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைவிட்டது. அந்தப் புளித்த வாடை இன்றும் சில நாட்கள் காரணமில்லாமல் என் மூக்கில் ஏறும்.

தீர்மானத்தின் கீழே என் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து தெளிவாக இருந்தது.

அடுத்த கூட்டத்துக்குத் தேதி விசாரித்து நானே போனேன். அந்தத் தீர்மானத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றேன்.

"எடுக்கலாமே," என்றார் தலைவர். குரலில் கோபம் இல்லை. "கூட்டத்துக்கு வரல, படிக்காம போட்டுட்டேன்னு சொல்லுங்க. அத அப்படியே நோட்டுல எழுதி ரத்து பண்ணிடுவோம். எப்படி, படிச்சுட்டுத்தான போட்டீங்க?"

"பி.காம். படிச்ச புள்ள படிக்காமலா போடும்?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "அவங்க ஆத்தா மாதிரி கைநாட்டுன்னு நெனச்சீங்களா?"

சிரித்தார்கள். எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

"படிச்சுட்டுத்தான் போட்டேன்," என்றேன்.

"அப்புறம் என்னம்மா?" தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

வாய்க்கால் மதகருகே சித்தி நின்றிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"முடியல சித்தி."

"நீ படிச்சுட்டா போட்ட?"

"இல்ல."

"அத அங்க சொல்லியிருக்கலாமே," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சம்பாவுக்கு அவள் அந்த நிலத்தை எடுக்கவில்லை. மயிலாடுதுறையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் கழுவப் போகிறாள். முதல் பேருந்தில் போகிறவளை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கூப்பிடுவதில்லை.

அதற்குப் பின் ஒரு கூட்டத்தையும் நான் விட்டதில்லை. வரி வரியாகப் படித்த பிறகே பேனாவை எடுக்கிறேன். என்னைக் கண்டால் ஆறு பேரும் இப்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேசுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கடைசியில் தலைவர் கேட்கிறார், "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

அந்த வாக்கியம் தொண்டை வரை வருகிறது. இல்லை என்கிறேன்.