கோட்டுக்கு வெளியே ஒரு படி

கைத்தடியைப் படுக்கவைத்துத் தெருவின் குறுக்கே நீட்டியபடிதான் தேவசிகாமணி வாத்தியார் சாயங்காலம் நடப்பார். நுனி எந்த வீட்டுப் படியிலாவது தட்டினால் நின்றுவிடுவார். "படி வெளிய வந்து காத்து வாங்குதோ?" கிணற்றடித் தெருவில் அவர் தலை தெரிந்ததும் கட்டில், உரல், கட்டிப்போட்ட ஆடு எல்லாம் பைய உள்ளே நகரும்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் நகரசபை மெம்பர். தெருக் கமிட்டிக்குத் தலைவர். கமிட்டி கோடு போட்டால் அதற்கு வெளியே படி, சாய்ப்புக் கூரை, மாட்டுத்தொட்டி எதுவும் நிற்கக் கூடாது. புது வீட்டு வரைபடமும் அவர்கள் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். மேலே கலெக்டர் இருக்கிறார். ஆனால் கிணற்றடித் தெருவுக்குக் கலெக்டர் வாத்தியார்தான்.

நீட்டிக்கொண்டிருந்த சுவர்களில் கமிட்டி காவியால் கோடு போட்டது. மறுநாள் விடிந்து பார்த்தால், கோடு தெரியாமலிருக்க வீட்டுக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அடித்த வண்ணத்தில் தெரு முழுக்கக் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாகக் கோயில் மதிலாகி நிற்கிறது. எது கோடு, எது பட்டை? வேதக்காரர் இஸ்ரவேல் வீட்டுச் சுவரும் தப்பவில்லை. வாத்தியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏ இஸ்ரவேலு, ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கு வருவீரா, இங்கனயே கோயில் கொடை நடத்துவீராவே?" பிறகு சலவை நீலத்தைக் கரைத்து வந்து மறுபடி கோடு போடவைத்தார்.

அந்தப் படிகளை அவருக்குத் தெரியாதா? தாமிரபரணியில் குளித்துவந்து ஈர வேட்டி காயக் காய உட்கார்ந்த படி. புளியங்கொட்டை உரசித் தாயம் ஆடிய படி. தங்கை சாரம்மாள் பிச்சிப்பூ தொடுத்த படி. அவளுக்குக் காலரா கண்ட வருஷம், அந்தப் படிகளுக்கு நடுவே நுழைய முடியாமல் ஆஸ்பத்திரி வண்டி தெரு முக்கிலேயே நின்றுவிட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். வண்டியை எட்டுவதற்குள் தோளில் கனம் மாறியிருந்தது.

கடைசியாக மிஞ்சியது தையற்காரர் பரமசிவன் வீட்டுப் படி. கால் சூம்பியவர் ஏறி இறங்கத் தாழத் தாழக் கல் பரப்பி, தெருவுக்குள் நீண்டு கிடந்தது. சிறுவயதிலிருந்தே வாத்தியாரும் அவரும் சேர்ந்துதான் ஆற்றுக்குப் போவார்கள்.

"கமிட்டிக்கு நீருதானவே தலைவரு? ஒத்தப் படியை விட்டா ஊரு முங்கிருமா? எனக்கு அது படி இல்லவே, காலு."

"உம்ம படியை விட்டுட்டா, சாய்ப்பைப் பேத்துக் குடுத்த எதுத்த வீட்டு ஐயம்பெருமாள் மூஞ்சியில எப்படி முழிக்க?"

"அப்பம் பேத்துட்டுப் போரும். நான் வீட்டுக்குள்ளயே கெடந்து செத்துக்கிடுதேன்."

கமிட்டியில் இரண்டு பேர் விடலாம் என்றார்கள், இரண்டு பேர் எடுக்கவேண்டும் என்றார்கள். ஐந்தாவது கை வாத்தியாருடையது. கொஞ்ச நேரம் மேஜையிலேயே கிடந்துவிட்டு, எடுக்கச் சொல்லி உயர்ந்தது.

கல்லைப் பெயர்த்த அன்று சாயங்காலம் பரமசிவன் வீட்டு வாசல் நடை, தெருவை விட்டு இடுப்பளவு உயரத்தில் அந்தரத்தில் நின்றது. கதவு சாத்தியிருந்தது. முக்கிலிருந்து அன்றுதான் முதல்முறையாக ஒரு மாட்டுவண்டி எதிலும் இடிக்காமல் தெருவுக்குள் வந்து போயிற்று.

வாத்தியார் கைத்தடியைச் சுவரில் சாத்தினார். கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முழங்காலில் கையூன்றிக் குனிந்தார்.

"வாரும்வே, ஆத்துக்கு."

நிமிராமல் நின்றார். வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

"நாறப்பய கமிட்டி" என்று முனகிக்கொண்டே ஒரு கை அவர் கழுத்தைத் தேடிப் பிடித்தது.

"பைய" என்றபடி, தோளை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொடுத்தார்.