நிசப்தம் தேர்ந்தெடுத்த கார்டு

கேம் ஆடுகிறவர்களுக்கு ஆளுக்கேற்றபடி பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டித் தருகிற கடை அது. இரண்டாவது மாடி, நீளமான ஒரே அறை, எப்போதும் கூட்டம். ஆனால் சாயங்காலம் ஒருமுறை அந்தக் கடை மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். ஏசியை அணைப்பார்கள். பில் போடும் பெண் போனைக் கவிழ்த்து வைப்பாள். "கொஞ்சம் இருங்க, அண்ணன் காது வைக்கிறாரு" என்று வாடிக்கையாளர்களையும் கையமர்த்திவிடுவாள். அன்றைக்குப் பூட்டிய மெஷின் மேஜைமேல் ஓடிக்கொண்டிருக்க, அதன் பக்கத்தில் கன்னத்தை ஒட்டினாற்போல வைத்துக் கண்மூடி நிற்பார் நிசப்தம்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. சத்தம் போடாத மெஷின் வேண்டுமென்றால் இவரிடம் போ என்று ஊரில் பேச்சாகி, அந்தப் பேச்சே பெயராகிவிட்டது. ஃபேன் சுற்றும்போது பேரிங் லேசாக உரசினால்கூட நிமிர்ந்து, "இது ஆறு மாசத்துல அழும், இப்பவே மாத்திருவோம்" என்பார். அவர் சரி என்று தலையாட்டினால்தான் பெட்டி கடையைவிட்டு இறங்கும். முதலாளியும் அவரும் ஒன்றாகப் படித்தவர்கள். கடை முதலாளியுடையது, காது நிசப்தத்தினுடையது என்று இருவரும் சொல்லிச் சிரித்துக்கொள்வதுண்டு.

ஒரு மழை நாளில் புதிதாக ஒரு பெண் வந்தாள். பகலில் பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை. வீடு திரும்பியதும் பேய் கேம் ஆடிக்கொண்டே பேசுவாள். அதை நேரலையில் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள்.

"பேய் வர்றதுக்கு முன்னாடி ஒரு அமைதி வரும்லண்ணே, அதுலதான் எல்லாமே இருக்கு. இப்ப இருக்கிற பெட்டி சரியா அந்த நேரம் பாத்து மிக்ஸி மாதிரி ஓடுது."

"அப்ப பேயே பயந்து ஓடியிருக்குமே."

"பேய் ஓடல. பாக்கிறவங்கதான் ஓடுறாங்க."

நிசப்தத்துக்கு இப்படிப்பட்ட வேலை என்றால் அல்வா சாப்பிடுவதுபோல. உள்ளே பஞ்சு ஒட்டிய பெட்டி, மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன்கள், வேலை கூடினால் மட்டும் விழித்துக்கொள்ளும் பவர் சப்ளை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில், திரையில் படத்தை ஓடவைக்கும் கிராஃபிக்ஸ் கார்டு. இங்கேதான் சூட்சுமம். கார்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் மின்சாரம் பாயும்போது அதிரும். சில கார்டுகளில் அது ஊசிபோன்ற கீச்சாக வெளியே வரும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் ஒன்று கீச்சிடும், இன்னொன்று சும்மா இருக்கும். ஓடவிட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

மூன்று கார்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். மூன்றும் சுத்தம். கொஞ்ச காலமாகவே அவர் கைக்கு வருகிற கார்டு எல்லாம் நல்ல கார்டாகத்தான் வந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு மூன்றாவது திருப்பி அனுப்புவார். கம்பெனிக்காரன் ஒருவழியாகத் திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். முதல் கார்டையே பூட்டிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சுவாங்கப் படியேறி வந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கேம் ஓடும்போது மட்டும் ஒரு மாதிரி கீச்சுனு வருது. மைக்லயும் விழுது."

"ஃபேனா?"

"ஃபேன் ஓடுதான்னே தெரியலண்ணே. இது வேற. கொசு மாதிரி."

மெஷினைப் போட்டார்கள். அவள் கேமைத் திறந்தாள். "இதோ," என்றாள். நிசப்தம் கன்னத்தைக் கொண்டுபோனார். ஃபேன்களின் அடங்கிய மூச்சு கேட்டது. அதற்குமேல் ஒன்றுமில்லை. நிமிர்ந்து பார்த்தார். நாலு எட்டு தள்ளி உட்கார்ந்திருந்த பில் போடும் பெண் ஒரு பக்கக் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி கன்னத்தைக் கொண்டுபோய் எடுத்தார்.

"ஆமா, இருக்கு," என்றார். "மெல்லிசா. பவர் சப்ளையா இருக்கும்."

மாற்றினார். மறுபடி மெஷினைப் போட்டுவிட்டு, இந்த முறை பெட்டியைப் பார்க்காமல் கேம் ஆடும் பெண்ணின் முகத்தையே பார்த்தார். அவள் நெற்றியைச் சுருக்கித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவே போதுமென்று முந்திக்கொண்டார்.

"இப்பவும் லேசா இருக்குல்ல?"

"அண்ணே," என்றாள் அவள் தயங்கி, "நான் இன்னும் கேமைத் தொறக்கவே இல்லியே. பாஸ்வேர்டு மறந்துட்டு நிக்கிறேன்."

ஸ்டோர் ரூம் வாசலில் முதலாளி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. வந்து மேஜைமேல் கையூன்றிக்கொண்டார். கேம் திறந்தது.

"உனக்குக் கேக்குதாடா?"

"கேக்குது."

"டேய்."

நிசப்தம் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஃபேன் கேக்குது. அது கேக்கல."

"எப்பலேர்ந்து?"

"கேக்காததை எப்பலேர்ந்து கேக்கலன்னு எப்படிடா சொல்றது?"

முதலாளி பில் போடும் பெண் பக்கம் திரும்பினார். "உனக்கு?"

அவள் குனிந்துகொண்டாள். "முன்னாடியே ஒண்ணு ரெண்டு மெஷின்ல கேட்டுச்சு. அண்ணன் சரின்னு சொல்லிட்டாரு. அதனால ட்யூப்லைட் சத்தம்னு நெனச்சுக்கிட்டேன்."

கடையிலிருந்து அப்படி எத்தனை பெட்டிகள் இறங்கிப் போயிருக்கும் என்று முதலாளி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது நிசப்தத்துக்கு.

மற்ற இரண்டு கார்டுகளையும் கொண்டுவந்தார்கள். நிசப்தம் பூட்டினார், கேம் ஆடும் பெண் காது வைத்தாள். இரண்டாவதுக்கு உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவதுக்கு வெகுநேரம் குனிந்திருந்து, "இது ஓகேண்ணே," என்றாள். போகும்போது ஆறுதலாக ஒன்று சொல்லவேண்டுமென்று நினைத்தாளோ என்னவோ, "மத்த சத்தம் எதுவுமே இல்லண்ணே, அவ்வளவு அருமையாப் பண்ணியிருக்கீங்க. அதனாலதான் அது ஒண்ணு மட்டும் பளிச்சுனு கேட்டுருச்சு," என்றாள்.

அவள் படியிறங்கியபின் முதலாளி நிசப்தத்தின் தோளில் கை வைத்து, பில் போடும் பெண்ணைக் கண்ணால் காட்டினார்.

"பூட்டுறது நீதான்டா. அதுல மாத்தமே இல்ல. கேக்கிறத மட்டும் இனிமே இவ பாத்துக்கட்டும்."

"சரிடா."

"டாக்டர்ட்டப் போ."

"போறேன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்த அவள் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவரை அதிகமாக உறுத்தியது.

"உனக்குத் தெரியுமா?"

"துவைக்கிற மெஷின் முடிச்சுட்டு பீப் பீப்புனு அடிக்கும். நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருப்பீங்க. நான் உள்ளேருந்து ஓடிவந்து நிறுத்துவேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டா மறுநாள் எந்த முகத்தோட கடைக்குப் போவீங்க?"

மடித்து வைத்த சட்டை ஒன்றை எடுத்து மறுபடி மடித்தார். பிறகு கேட்டார்.

"வேற என்னென்ன கத்துது இந்த வீட்டுல?"

அவள் யோசித்தாள். "குளியலறை ஜன்னல்ல குருவி குஞ்சு பொரிச்சிருக்கு. நாலு நாளா ஒரே கூச்சல்."

தினமும் அங்கேதான் முகம் சவரம் செய்துகொள்கிறார். எழுந்து போய் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று பார்த்தார். கம்பிக்கு அப்பால் குப்பையும் வைக்கோலுமாக ஒரு கூடு. இன்னும் வெளிச்சம் இருந்தது. குஞ்சுகள் கழுத்தை நீட்டி, தொண்டைவரை தெரியும்படி வாயைத் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை ஜன்னல் கம்பிமேல் வைத்தார். கம்பி சில்லென்று இருந்தது.

"இப்பவும் கத்துதா?" என்றார் திரும்பாமல்.

"காது கிழியுது," என்றாள் மனைவி.