மூடி என் கையில்

கொச்சி மட்டாஞ்சேரியில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்களிடம் இசக்கிசெல்வி எங்கே என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். மூடிச்சேச்சி எங்கே என்று கேட்டால் உடனே கையை நீட்டிவிடுவார்கள். அந்நேரம் அவள் யூதர் தெருவான ஜூ டவுன் ரோட்டின் எந்த முனையைப் பெருக்கிக்கொண்டிருப்பாள் என்பது வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். கார்ப்பரேஷன் வேலை. அப்பா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கேயே வேர் பிடித்துவிட்ட குடும்பம். செல்விக்கு மலையாளம் எழுத வரும், தமிழ் பேச மட்டும்தான் வரும்.

பட்டப்பெயருக்குக் காரணம் அவள் பர்சில் எப்போதும் கிடக்கும் ஒரு பேனா மூடி. எபோனைட் என்ற கறுப்புக் கெட்டி ரப்பரில் கடைந்தது, பக்கத்தில் சின்னதாக ஒரு கப்பல், விளிம்பில் 217 என்ற எண். வில்லிங்டன் தீவில் அவளுடைய அப்பா சுமை தூக்கிய கம்பெனி, தன் பொன்விழாவுக்கு எண் போட்டுச் சில நூறு மைப்பேனாக்களைச் செய்து தொழிலாளிகளுக்குக் கொடுத்தது. பேனாவின் அடியில் என்ன எண்ணோ அதேதான் மூடியிலும். கையெழுத்துப் போடத் தெரியாத அப்பா அதைக் கொண்டுவந்து, பள்ளிக்கூடம் போகிற மகளிடம் கொடுத்தார். அண்ணன் காளிமுத்துவுக்கு அப்போதே அதன் மேல் ஒரு கண்.

தபால் ஆபீசிலும் பாங்கிலும் வரிசையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஆள் பேனா கேட்டால், மூடியைக் கழற்றி நம் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும்தான் நீட்டுவோம். திறந்த பேனாவைப் பையில் குத்திக்கொண்டு போனால் சட்டை பாழாகிவிடும், அதனால் கட்டாயம் திரும்பி வரும். செல்வி வீட்டில் அது ஒரு சட்டம். மூடி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பேனா வந்து சேரணும். அண்ணனும் தங்கையும் இதை வைத்துப் போட்ட சண்டைக்கு அளவில்லை.

நெடும்பாசேரி விமான நிலையம் திறந்து அதிக நாள் ஆகவில்லை. காளிமுத்து துபாய்க்குக் கிளம்பினான். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே ஏதோ கார்டு எழுதணுமாம், பேனா தா என்றான். செல்வி மூடியைக் கழற்றிக்கொண்டு பேனாவைக் கொடுத்தாள்.

"எழுதிட்டு இங்கன வந்து தரணும். மூடி என் கையில இருக்கு, பாத்துக்க."

"வந்து தாறேம்ட்டி. ஓடியா போயிருவேன்?"

எழுதி முடித்தவன் வந்தான். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் வர முடிந்தது. பேனாவைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். இவளும் மூடியைத் தூக்கிக் காட்டினாள். பின்னாலிருந்து யாரோ தள்ள, கூட்டத்தோடு போய்விட்டான்.

முதல் இரண்டு வருஷம் கடிதம் வந்தது. எல்லாம் அந்தப் பேனாவில் எழுதியதுதான், நீல மை. ஒவ்வொன்றின் கடைசியிலும் மூடி பத்திரம் என்று ஒரு வரி. பிறகு அவன் வேலை பார்த்த இடம் மூடிப்போனது. வேறு ஊருக்குப் போகிறேன் என்று ஒரு போன் வந்தது, அதன் பிறகு ஒன்றுமில்லை. அம்மா பேச்சியம்மாள் படுக்கையில் விழுந்தபோதும், அவளைத் தூக்கிக்கொண்டு போனபோதும், சொல்லி அனுப்ப ஒரு விலாசம் இல்லை. காலனி வீட்டை இடித்தார்கள், செல்வி குவார்ட்டர்சுக்கு மாறினாள், அவளுக்குக் கல்யாணமாகி மகா பிறந்து வளர்ந்து எர்ணாகுளத்தில் துணிக்கடைக்கு வேலைக்கும் போய்விட்டாள். அண்ணன் மேல் உள்ள கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்து, வெறும் ஏக்கம்தான் மிச்சமிருந்தது. ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பேனா சேர்க்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பது ஷாஜி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஷாஜி ஜூ டவுனில் கடை வைத்திருப்பவன். கப்பல் விளக்கு, பித்தளைப் பூட்டு இவற்றோடு பழைய பேனாக்களும் அவன் கடைக்கு வரும். ஒருநாள் அவன் கண்ணாடிப் பெட்டியில் கப்பல் போட்ட பேனா ஒன்று கிடப்பதைப் பார்த்து, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அது 217 இல்லை. ஆனால் எங்கேயோ கிடக்கிற பேனா சுற்றிச் சுற்றி ஒருநாள் இந்தக் கடைக்கு வரக்கூடும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் அவள் மனதில் விழுந்தது.

அதிலிருந்து எர்ணாகுளத்தில் பேனாக்காரர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வியும் போவாள். அவர்களைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். வெல்வெட் துணியில் பேனாக்களைப் படுக்கப்போட்டுக் குழந்தைக்குப் போல விசிறாத குறை. எழுதுவது என்னவோ எல்லாரும் தங்கள் பெயரைத்தான். எண் போட்ட பேனாவுக்கு அங்கே தனி மரியாதை. மூடியிலும் உடலிலும் ஒரே எண் இருந்தால் ஒரு விலை, மாறியிருந்தால் பாதிகூடப் பெறாது. பாங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெங்கிடராமனிடம் மூடி தொலைந்த பொன்விழாப் பேனா ஒன்று இருந்தது. எண் சேராவிட்டால் பரவாயில்லை, பேனாவுக்கு ஒரு தலை வேண்டுமே என்று வருஷக்கணக்காகச் செல்வியை நச்சரித்தார்.

"வெறும் மூடியை வச்சுண்டு நீ என்னம்மா பண்ணப்போறே?"

"இது ஆளைப் பிடிக்கிறதுக்கு சார். விக்கிறதுக்கில்ல."

கூட்டம் கலையும்போது மூடியில்லாத பேனாக்களைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளிருக்காது. செல்வி அவற்றை வாங்கிவந்து பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். இதுக்கெல்லாம் மூடி யாரோ ஒருத்தர் கையில இருக்கும்லா என்று மகாவிடம் சொல்வாள். மகா தலையில் அடித்துக்கொள்வாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, ஷாஜி கடையை முழுதாகக்கூடத் திறக்காமல் ஷட்டருக்கு அடியிலிருந்து கையசைத்தான்.

"சேச்சி, இவிட வா. முதல்ல இரிக்கு. சாயா குடிக்கு."

சாயா வேண்டாம் என்றாள். அவன் ஒரு துணிப்பொதியை மேஜையில் வைத்துப் பிரித்தான். கறுப்புப் பேனா, மூடியில்லை. பக்கத்தில் கப்பல் தேய்ந்து பாதி அழிந்திருந்தது. அடியில் 217.

செல்வி உட்கார்ந்துவிட்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் ஒருவர் வந்தார் என்றான் ஷாஜி. தலை முழுக்க நரை. விற்க வரவில்லை, இதற்கு ஒரு மூடி கிடைக்குமா என்று கேட்டார். அந்த வாரம்தான் கடைக்கு வந்திருந்த பொன்விழா மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அவர் விளிம்பைத் திருப்பி எண்ணைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டார்.

"அப்பத்தான் சேச்சி நான் நம்பர் நோக்கியது. 217-ன்றெ மூடி இவிட ஒரு சேச்சிகிட்ட இருக்கு, காலையில வந்தா பாக்கலாம்னு சொன்னேன். அவரு அந்தக் கசேரையில உட்கார்ந்துட்டாரு. குடிக்க வெள்ளம் கேட்டாரு. சேச்சி சுகமா இருக்காளான்னு கேட்டாரு. பின்னே, அம்மைன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"அம்மை மரிச்சு பல வருஷமாச்சுன்னு. எனக்குத் தெரியாம போச்சே சேச்சி, ஆளு யாருன்னு. பேனாவை இங்க வச்சிட்டு, அவகிட்ட கொடுத்துருங்கன்னு எழுந்து போயிட்டாரு. போன் நம்பர் கேட்டேன், கையை மட்டும் ஆட்டினாரு."

செல்வி பேனாவைத் தொட்டாள். விரலில் நீல மை ஒட்டியது. அண்மையில் நிரப்பிய மை. ஷாஜி ஆர்வமாக, மூடியைப் போட்டுப் பார்க்கலாமே, நம்பர் சேர்ந்த பேனா, வெங்கிடராமன் சாருக்குத் தெரிஞ்சா ஓடி வருவாரு என்றான்.

அவள் பர்சைத் திறக்கவில்லை. இத்தனை வருஷமும் அவன் வருவான் என்று அவள் நம்பியதற்கு இந்த மூடி ஒன்றுதான் பிடிமானம். பேனாவை வாங்கினவன் தேடி வந்து கொடுத்தாக வேண்டும். இப்போது கொடுத்தாகிவிட்டது, அதுவும் இன்னொருவர் கையில். இனி அவன் எதற்காக வரப்போகிறான்?

"எனக்கு வேண்டாம்" என்று பொதியை அவனிடமே தள்ளினாள். "திரும்ப வந்தான்னா அவன்கிட்டயே குடு. வாங்கினவன் என் கையிலதான் தரணும்."

எழுந்தவள், வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"மையை நெறச்சு மூடாமலா கொண்டாந்தான்? சட்டையெல்லாம் ஆயிருக்குமே."

"இல்ல சேச்சி. மரத்துல செதுக்கின ஒரு மூடி போட்டிருந்தாரு. கத்தியால அவரே செதுக்கியதுபோல, கோணலா."

"அது எங்க?"

ஷாஜி மேஜையைப் பார்த்தான். பிறகு தன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான். "அதைக் கழற்றி அவரோட பையில போட்டுட்டுப் போயிட்டாரு."

செல்விக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா போன செய்தி கேட்டு நிலைகுலைந்து, தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பான் என்று யாரும் சொல்லலாம். அவள் அப்படி நினைக்கவில்லை.

"எந்தப் பக்கம் போனான்?"

"தோப்பும்படி பஸ்ஸுல ஏறியதுதான் கண்டேன்."

துடைப்பத்தையும் கையுறைகளையும் ஷாஜியின் கடையிலேயே வைத்தாள். சூப்பர்வைசர் கேட்டால் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லச் சொன்னாள். பேனாவை எடுத்துத் துணியில் சுற்றினாள். தன்னிடமிருந்த மூடியை அதற்குப் போடவில்லை.

"எவிட போற சேச்சி? தோப்பும்படியில எவிடன்னு போய்த் தேடுவ?"

"பேனா என்கிட்ட இருக்கு, மூடி அவன் கையில" என்றாள் செல்வி. "நான்தானே கொண்டுபோய்க் குடுக்கணும்?"