ஏழு மோட்டாரும் ஒரு காந்தப் படலமும்

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் தேசிய ஆராய்ச்சித் திட்டத்தில் எங்கள் கல்லூரிக்கு இடம் கிடைத்ததும் வந்த முதல் கடிதம், நாங்கள் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கிறோம் என்று மின்சார அலுவலகம் அனுப்பியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இழுத்தோம்தான்.

ஆராய்ச்சிக்குப் பெயர் ஸ்பின்ட்ரானிக்ஸ். கம்ப்யூட்டருக்குள் எலக்ட்ரான்களை ஓட ஓட விரட்டி வேலை வாங்குவதால்தான் அது சூடாகிறது, கரண்டைக் குடிக்கிறது. எலக்ட்ரானுக்குச் சுழற்சி என்று ஒரு குணமும் உண்டு. அதை வைத்துத் தகவலை எழுதினால் கரண்ட் போனாலும் எழுதியது அழியாது, செலவும் குறையும். பெரிய நிறுவனங்கள் சிப் செய்யும். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற நாங்கள், அதற்கான காந்தப் படலத்தைச் செய்து பார்க்க வேண்டும். ஒரு இரும்புக் கலத்திலிருந்து காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு அதற்குள்தான் படலம் போட முடியும். அதற்குப் பம்ப் மூன்று நாள் நிற்காமல் ஓட வேண்டும். பம்ப் சூடாகாமல் இருக்க ஒரு குளிரூட்டி, குளிரூட்டி சூடாகாமல் இருக்க ஒரு ஏ.சி., கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர். எதிர்காலத்தில் நாடு எவ்வளவு மின்சாரம் மிச்சம் பிடிக்கும் என்று நான் மாத அறிக்கை சொல்லச் சொல்ல, ஜெனரேட்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று என் ஆராய்ச்சி மாணவி கையைக் காட்டுவாள்.

அவள் கெங்குவார்பட்டிக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்து ஆறாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போட்ட படலம் ஒவ்வொன்றும் பாதியில் கெட்டது. எங்கள் டிரான்ஸ்பார்மரில்தான் சுற்றியிருந்த ஏழு தோட்டத்து மோட்டார்களும் இருந்தன. கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும்படி எல்லாரும் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் மின்சாரம் காலை ஒன்பதுக்கு வந்ததும் ஏழும் ஒரே நேரத்தில் கிளம்பும். வோல்டேஜ் படுத்துவிடும். ஜெனரேட்டருக்கு மாற்றுவதற்குள் பம்ப் நின்றிருக்கும். இந்த நிலையில் டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. ஒரு நல்ல படலமாவது காட்டாவிட்டால் எங்களைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அவளுடைய ஆய்வேடும் ஆறு வருடமும் அதோடு போச்சு.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் போனேன். அவர் சொன்னால் மற்ற ஆறு பேரும் கேட்பார்கள். பூமிக்கடியில் ஆய்வகம் கட்ட மலையைக் குடைவதாகப் பேச்சு வந்ததிலிருந்து எங்கள் மாவட்டத்தில் விஞ்ஞானம் என்றதும் எல்லாரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்: மலையைக் குடையப் போகிறீர்களா? இல்லை, ஒரு படலம் செய்கிறோம், செய்து முடித்தாலும் அது தனியாகக் கண்ணுக்குத் தெரியாது என்றேன். மலையைக் குடைவதைவிட இது அவருக்குப் பெரிய சந்தேகமாகப் பட்டது.

பன்னீர் திராட்சைக் காய் நீர் பிடித்துப் பருக்கிற சமயம், தண்ணீர் குறையக் கூடாது. ஆனாலும் ஆட்டோவை எடுத்துவிட்டு மூன்று நாள் முறை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு மோட்டார் மட்டும் ஓட்டலாம் என்று ஒத்துக்கொண்டார்.

"மொறை வைக்கிறது எங்களுக்குப் புதுசில்ல டீச்சர். ஆனா இங்கன ஒருத்தன ஒருத்தன் நம்ப மாட்டான். நீங்களே போட்டு நீங்களே நிறுத்துங்க."

ஏழு ஸ்டார்ட்டரும் செல்போனுக்குக் கட்டுப்பட்டவை. கூப்பிட்டு ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். ஏழு நம்பரையும் ஒரு காலண்டர் தாளின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய நான் இப்படித்தான் ஏழு தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையில் சேர்ந்தேன். வடக்குத் தோட்டத்துக்காரர் தனக்கு ஐந்து நிமிடம் குறைகிறது என்று சண்டைக்கு வந்தார். எங்கள் கடிகாரம் செயற்கைக்கோளைப் பார்த்து ஓடுகிறது என்றேன். தன் வீட்டுக் கடிகாரமும் நல்ல கடிகாரம்தான் என்றார். திட்டத்தின் தலைமை அலுவலகம் வீடியோவில் கூப்பிட்டு முன்னேற்றம் உண்டா என்று விசாரித்தபோது நான் மேஜைக்கு அடியில் செல்போனில் மூன்றாவது மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்தேன். நல்ல முன்னேற்றம் என்றேன்.

மூன்றாம் நாள் கலத்திலிருந்து காற்று சுத்தமாகப் போவதற்கு மணி இரண்டை நெருங்கிவிட்டது. படலம் முடிய மூன்றாகும். படலம் படியும்போது வோல்டேஜ் துளியும் அசையக் கூடாது என்பதால் அதுவரை ஒரு மோட்டார்கூட ஓடக் கூடாது. மூன்று மணிக்கு த்ரீ பேஸும் போய்விடும், பிறகு போடலாம் என்று தள்ளிவைக்கவும் முடியாது. ஆனால் இரண்டிலிருந்து மூன்று வரை அண்ணனின் முறை. சரியாக இரண்டுக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், எம் மோட்டாரப் போட்டாச்சா?"

மாணவி கலத்தின் சின்னக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி நின்றிருந்தாள். மூன்று நாளாக அவள் வீட்டுக்குப் போகவில்லை.

"போட்டாச்சுண்ணே," என்றேன்.

சரி என்று வைத்துவிட்டார். நான் பொய்யே சொல்லாதவள் இல்லை, மாத அறிக்கை எழுதுகிறவள்தான். ஆனாலும் இது நெஞ்சை அறுத்தது.

படலம் அருமையாக வந்தது. குழு வந்து அளந்து பார்த்துத் தலையாட்டியது. அவள் அழுதாள், நானும் அழுதேன். குழுத் தலைவர் சுவரில் ஒட்டியிருந்த மோட்டார் முறை அட்டவணையை வெகுநேரம் பார்த்துவிட்டு, கருவியில் ஏழு சேனலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நேரக் கட்டுப்பாடு பிரமாதம் என்று பாராட்டிவிட்டு எல்லாரும் காரில் ஏறிப் போனார்கள்.

மறுநாள் அண்ணன் படலத்தைப் பார்க்க வந்தார். படலம் படிந்த நகத்தளவு சிலிக்கான் துண்டு பளபளவென்று இருந்தது. அதில் தன் மீசையைப் பார்த்துச் சரிசெய்துகொண்டார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மோட்டாரு ஓடுனா எம் போனுக்கு மெசேஜு வரும் டீச்சர். அன்னைக்கு வரல."

அப்புறம் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ள மூணு நாளா வீட்டுக்குப் போகலன்னு வாச்மேன் சொன்னாக. கடைசி ரெண்டு வரிசை சுண்டிப்போச்சு, போகட்டும். அடுத்த தடவ கேளுங்க. கேட்டா குடுக்க மாட்டேனா?"

அவமானமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் எதுக்கு என்று சொல்லிவிட்டு அவர் தோட்டத்துக்குக் கிளம்பினார்.

அன்று மாலை குழுவுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டியிருந்தது. இத்திட்டத்தால் இதுவரை மிச்சமான மின்சாரம் எவ்வளவு என்று ஒரு கேள்வி. எங்கள் படலம் இன்னும் எந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் போகவில்லை. நாங்கள் எரித்த டீசலை நினைத்தால் சிரிப்புத்தான் வந்தது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் மிச்சமானது ஒன்றுதான். ஐந்து குதிரைத்திறன் மோட்டார், ஒரு மணி நேரம் என்று எழுதினேன். மாணவி அதை யூனிட் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தாள். பக்கத்துக் கட்டத்தில், மிச்சப்படுத்தியவர் யார் என்று கேட்டிருந்தார்கள். அண்ணனின் பெயரைப் போட்டேன்.