கெட்ட ரிப்போர்ட்டுக்கு மைசூர்பாகு

நாளை காய்ச்சல் வரும் என்றால் இன்றே காந்தா மூன்று நாளுக்கு மாவு அரைத்துவிடுவாள். குடங்களை நிரப்புவாள். வேலைக்குப் போடும் நீலச் சட்டையைத் துவைத்து மடித்துத் தலைமாட்டில் வைப்பாள். காரணமில்லாத எரிச்சல், நாக்கில் ஒரு கசப்பு, இடுப்பில் ஒரு குடைச்சல்: அவளுக்கு அறிவிப்பு அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரனான என்னை மாடிப்படியில் பார்த்தால் சொல்லிவிட்டுப் போவாள். "அண்ணா, நாளைக்கு கெஸ்ட் வராங்க. மூணு நாள் நான் இல்ல."

கெஸ்ட் தவறியதே இல்லை. மாதம் ஒருமுறை, சில மாதம் இருமுறை. உடல் கொதிக்கும், வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் வலிக்கும். நான்காம் நாள் காலை தலைக்குக் குளித்து, பூ வைத்து, தொம்மலூர்ச் சந்து முழுக்கக் கேட்கும்படி பாடிக்கொண்டு கிளம்புவாள். வயது முப்பத்தாறு. வைட்ஃபீல்டில் மதில் சூழ்ந்த குடியிருப்பொன்றில் பதினான்கு மாடிப் படிகளும் இரண்டு லிஃப்டும் அவள் பொறுப்பு. லிஃப்ட் கண்ணாடியைத் துடைத்து முடித்ததும் தனக்குத்தானே பழிப்புக் காட்டிச் சிரித்துக்கொள்வாள்.

அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. நேற்றுவரை சாகக் கிடந்தவள் இன்று இப்படிச் சிரிப்பாளா? மேற்பார்வையாளர் கோவிந்தப்பா அவள் காய்ச்சலுக்கு 'நாடகா' என்று பெயர் வைத்தார். இன்னொருமுறை சான்றில்லாமல் விடுப்பு எடுத்தால் வேலை இல்லை என்று ஒப்பந்தக்காரர் கடிதமே கொடுத்துவிட்டார். எங்கள் தெரு காத்துக் கருப்பு என்றது. தாயத்து கட்ட இத்தனை பேர் வந்தோமே, காய்ச்சல் நாளில் ஓர் ஆட்டோ பிடித்து அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. நானும்தான்.

சான்றுக்கு அவள் அலையாமலில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் காய்ச்சல் விட்டு, குளித்து, நல்ல சேலை கட்டி, வார விடுமுறை பார்த்துத்தான் போவாள். அதற்குள் இரத்தம் தெளிந்திருக்கும். எல்லாம் நார்மல் என்று தாள் வரும். காய்ச்சலோடு ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"தலைகூட சீவாம, நைட்டியோட போனா கேட்லயே தொரத்திடுவாங்கணா."

இதை அறியாமை என்று சொல்பவர்கள் ஒருநாள் அவளோடு அந்த வரிசையில் நின்று பார்க்கட்டும்.

முடிச்சை அவிழ்த்தவள் லவினா. லிங்கராஜபுரத்துப் பெண், ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியோடு வீடுவீடாகப் போய் இரத்தம் எடுப்பவள். மாடிவீட்டுக்காரருக்குச் சர்க்கரை பார்க்க வந்தவள், கீழே சுருண்டு கிடந்த காந்தாவிடம் கதை கேட்டாள். தன் கிளினிக்கின் மருத்துவர் சுப்ரியாவுக்கு அங்கிருந்தே போன் போட்டு, அவர் சரி என்றபின் ஊசியை எடுத்தாள். "திருடன் உள்ள இருக்கும்போது போலீஸ் வரணும்க்கா. அவன் போனப்புறம் வந்து, வீடு நல்லாத்தானே கீதுன்னா எப்படி?"

சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி மூண்டால் கல்லீரல் இரத்தத்தில் அள்ளி விடும் ஒரு புரதம். ஐந்துக்குள் இருக்க வேண்டியது காந்தாவுக்கு நூற்று முப்பத்தெட்டு. அமிலாய்டு ஏ என்னும் இன்னொரு புரதம் அதைவிட எகிறியிருந்தது. கிருமிக்கான சோதனைகளில் எதுவுமில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, அவள் பாடிக்கொண்டு திரிந்த நேரத்தில் எடுத்த இரத்தத்தில் சி.ஆர்.பி. வெறும் மூன்று. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த சுப்ரியா, கிருமி இல்லாமலே உடல் தனக்குத்தானே மூட்டிக்கொள்ளும் தீ இது, பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது என்றார். மரபணுச் சோதனைக்கு எழுதி, மாத்திரையும் தொடங்கினார். பேயும் இல்லை, நாடகமும் இல்லை.

இத்தனை மோசமான ரிப்போர்ட்டுக்கு மைசூர்பாகு வாங்கியவளை நான் அதற்குமுன் கண்டதில்லை. அரைக் கிலோ. முதல் துண்டு கோவிந்தப்பாவுக்கு. "தின்னுங்க சார், நூத்தி முப்பத்தெட்டு." தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மனிதர், "இஷ்டொந்தா?" என்றார். இவ்வளவா என்று அவர் கேட்ட அந்த ஒரு சொல்லை நடித்துக் காட்டாமல் காந்தா இன்னமும் கதையை முடிப்பதில்லை. ஒப்பந்தக்காரரிடம் அவரே தாளை எடுத்துப்போய்க் கடிதத்தைத் திரும்பப் பெற வைத்தார். இப்போது படிக்கட்டில் அவளைக் கண்டால் "நூத்தி முப்பத்தெட்டு மேடம்" என்று கூப்பிடுகிறார். "அது பழசு சார், இப்ப மூணு" என்று துடைப்பத்தை நிறுத்தாமல் பதில் சொல்கிறாள்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று சுப்ரியா கேட்டபோது இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளோடு இருக்கும் அந்த அப்பாவின் பெயர் சின்னப்பா; கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இருபத்தாறு ஆண்டுகள் இறங்கி ஏறியவர். அவரும் மாதத்தில் மூன்று நாள் படுத்துவிடுவார். சுரங்கத்தில் மட்டம் என்று எழுதினார்கள். தொழிலாளர் குடியிருப்பில் குடி என்றார்கள். அவர் குடித்ததே இல்லை. பாறையை உடைக்க உடம்பைக் கேட்டவர்கள், அந்த உடம்பு சொன்னதை ஒருநாளும் கேட்கவில்லை.

"அப்பாவ நானே நம்பலணா," என்றாள் காந்தா. அன்று மட்டும் அவள் சிரிக்கவில்லை.

போன வாரம் லவினா மறுபடி வந்தாள். மாத்திரை தொடங்கிய பின் இரண்டு மாதமாகக் காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. அதைச் சரிபார்க்கத்தான் இரத்தம். குழாயை மூடி அவள் பெட்டிக்குள் வைத்தபோது, மூலையில் போர்வைக்குள் கிடந்த சின்னப்பா எழுந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். காந்தா அவர் கழுத்தைத் தொட்டாள்.

"கொதிக்குதேப்பா. சொல்லவே இல்ல?"

அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, விரல்களை இறுக மடக்கி, கையை லவினாவிடம் நீட்டினார்.