சிவகாமி அக்கா சேர்த்த கைக்கடிகாரங்கள்

பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கிள்ளான் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆயா ரயிலேறி வந்து எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றார். "டீச்சர், சிவகாமியம்மா விடியக்காலையிலே தவறிட்டாங்க. சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா சொல்லிடச் சொன்னாங்க" என்றார். சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்? பிரிக்பீல்ட்ஸில் ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் பல வருஷம் குடியிருந்தோம் என்பதைத் தவிர அவருக்கும் எனக்கும் உறவில்லை. ஆனாலும் வகுப்பை மூடிவிட்டு நான்தான் போனேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவகாமி அம்மையார் நாகப்பட்டினத்துக்காரர். சின்ன வயதிலேயே கணவரை இழந்தார். வளையல்களைக் கழற்றிய கையோடு, தவழ்ந்துகொண்டிருந்த மகள் கமலத்தையும் கொழுந்தனார் வாங்கிக்கொண்டார். "எங்க வீட்டுப் பிள்ளை எங்க வீட்டிலேதான் வளரும்" என்பது அவருடைய தீர்ப்பு. இங்கே ரயில்வேயில் வேலையாயிருந்த அண்ணன் தங்கையைக் கப்பலேற்றி அழைத்து வந்தார். அக்கா மருத்துவச்சி வேலை கற்றுக்கொண்டார். ரயில்வே குவார்ட்டர்ஸில் இன்று ஓடியாடும் பிள்ளைகளில் பாதிப்பேர் முதலில் அவர் கையில்தான் அழுதார்கள்.

நாடி பார்க்கக் கடிகாரம் வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்களை ஏலம் விடுவதை இங்கே லேலாங் என்பார்கள். அப்படி ஒரு லேலாங்கில் சின்னதாய் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வெறுங்கையோட இருக்கவேண்டியவ. இது என்ன புது நகை?"

"நகை இல்லேண்ணே. நாடி பாக்குற சாமான்."

கொஞ்ச நாளில் இன்னொன்று வந்ததும் அண்ணன், "எத்தனை நாடி பாக்கப்போறே?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் அது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையென்றால் அக்கா வெள்ளைத்துணி விரித்து எல்லாவற்றையும் பரப்பிவிடுவார். இந்த ஊர் ஈரத்தில் தோல்வாரில் பூஞ்சை பிடித்துவிடும். ஒவ்வொன்றாகத் துடைத்து, சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். விதவை என்று ஊரார் பறித்துக்கொண்ட எதையும் அவர் திருப்பிக் கேட்டதில்லை. இதை மட்டும் தாமாக எடுத்துக்கொண்டார்.

விலை பேசுவதில் மகா கெட்டிக்காரர். பெட்டாலிங் தெருவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். கடிகாரத்தைக் காதில் வைத்ததும் வயிற்றுவலி வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, திரும்பி நடக்கத் தொடங்குவார். டவுக்கே என்று இங்கே சொல்லும் சீனக் கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்து கூப்பிடுவார். "காதுக்குப் பிடிச்சாலும் முகத்துக்குப் பிடிக்கக் கூடாது மரகதம்" என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நான் எதைப் பார்த்தாலும் பல்லைக் காட்டிவிடுவேன். அதனால் என்னைக் கடைக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்.

வெறும் ஆசை மட்டுமில்லை, அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது. கமலம் பெரியவளானதும் நகை போடத் தாய்க்கு வக்கிருந்தால் அனுப்புகிறேன் என்று கொழுந்தனார் சொல்லியிருந்தார். பவுனாக வாங்குங்கள் என்று நான் ஒருமுறை சொன்னேன். "நான் பவுன்கடை வாசப்படி மிதிச்சா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அதுவுமில்லாம பவுன் பெட்டியிலே தூங்கும். இது ஓடிக்கிட்டே விலை பெறும். பாதி விலைக்கு வாங்கினதை முழு விலைக்குக் கொடுத்துட்டு எம்பொண்ணைக் கொண்டாந்துடுவேன்" என்றார். நல்ல யோசனையென்றே எனக்கும் பட்டது.

பிறகு ரப்பர் விலை சரிந்தது. தோட்டத்துத் துரைமார் கூட்டமாகக் கப்பலேறினார்கள். எங்கே பார்த்தாலும் லேலாங். நினைத்தும் பார்க்க முடியாத கடிகாரங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. அக்கா சேமிப்பையெல்லாம் துடைத்து வாங்கினார். "நமக்கும் ஒரு காலம் வந்துச்சு பாத்தியா?" என்று சிரித்தார். ஏலத்தில் எதிர்த்துக் கேட்க ஆளே இல்லாததை நாங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். வாங்க ஆளில்லாத ஊரில் நாளைக்கு யாரிடம் விற்பது என்று எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவள், பாடம் நடத்துகிறவள், எனக்கும் தோன்றவில்லை.

ரயில்வேயில் ஆட்குறைப்பு வந்து அண்ணனுக்குச் சீட்டுக் கிழிந்தது. அதே சமயம் நாகப்பட்டினத்திலிருந்து சேதி வந்தது. கமலத்தை ஒரு மளிகைக்கடைக்காரருக்கு இரண்டாந்தாரமாகப் பேசியிருக்கிறார்களாம். மாப்பிள்ளைக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டதாம். தாய் நகை அனுப்பினால் பேச்சை நிறுத்திப் பெண்ணை அனுப்பலாமாம்.

நானும் அக்காவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினோம். கிள்ளான் வரைக்கும் போனோம். அடகுக்கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாட்சு வேண்டாம்மா. உள்ளாற மூட்டையா கிடக்கு. பவுன் இருந்தா கொண்டாங்க" என்றார். வழக்கமாக அக்காவைப் பின்னால் ஓடிவந்து கூப்பிடும் டவுக்கே அன்று கூப்பிடவில்லை. தெருமுனை வரை மெதுவாக நடந்தார் அக்கா, திரும்பிப் பார்த்துக்கொண்டே.

கடைசியில், ஊர் திரும்பிய அண்ணனிடமே பெட்டியைக் கொடுத்தனுப்பினார். நகைக்குப் பதிலாக இதை வைத்துக்கொண்டு பெண்ணை அனுப்பச் சொன்னார். தாமே போகக் கப்பல்கூலி இல்லை. போனாலும் வேலை போய்விடும், பிறகு மகளுக்குச் சோறு எங்கே? "நல்லதா ஒண்ணு எனக்குன்னு வச்சுக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கையிலிருந்ததையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார்.

கடல்காற்றில் பாதி நின்றுபோயினவாம். "இதைக் கட்டிக்கிட்டா பொண்ணு மணவறையிலே உக்காரும்?" என்று கொழுந்தனார் கேட்டாராம். பெட்டியும் திரும்பி வரவில்லை, பெண்ணும் வரவில்லை. கல்யாணம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கமலத்தைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை என்பதும் ஊருக்குப் போன அண்ணன் எழுதிய பிறகுதான் தெரியும். அக்கா அன்று அழவில்லை. அழுதது நான்.

அதற்குப் பின்னும் பிரசவம் பார்க்கப் போனார். பிறந்த நேரம் கேட்டால், "உங்க வீட்டு மணியைப் பாத்துக்குங்க" என்றுவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். இருமல் வந்தது. கிள்ளானில் படுக்கை கிடைத்தது. அங்கே போனவர் மீள்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவருக்கும் இல்லை.

போன வாரம் பார்க்கப் போனபோது, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அவள் போகும்வரை அக்கா கண்ணெடுக்கவில்லை.

"மரகதம், கமலம் இந்த உசரம் இருப்பாளா?"

நான் கமலத்தைப் பார்த்ததே இல்லை. "இருப்பா அக்கா" என்றேன். அவர் படுத்தபடியே கையைத் தூக்கி, காற்றில் ஓர் உயரத்தில் நிறுத்தினார். பிறகு அதைக் கொஞ்சம் தாழ்த்தினார். பிறகு இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, தவழும் பிள்ளையின் தலை இருக்கும் இடத்தில் கட்டில் ஓரமாக வைத்துக்கொண்டார்.

அக்கா, போய் வாருங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை; வருவதற்கு இங்கே உங்களுக்கு என்ன வைத்திருந்தோம்? இதைக் கமலத்துக்காக எழுத உட்கார்ந்தேன். அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே.