கிளட்ச் மேல் வைத்த கால்

எங்கள் காரில் அந்தச் சத்தம் வந்தபோது என் வீட்டுக்காரருக்கு உள்ளூரச் சந்தோஷம். இதைச் சொன்னால் என் மகளே நம்பமாட்டாள். ஆனால் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

அவருக்கு இடது பக்கம் பக்கவாதம் வந்து கால் இழுத்துக்கொண்டிருந்தது. வாரம் இரண்டு நாள், விடிந்ததும், வீரபாண்டியிலிருந்து ஊரைத் தாண்டி பெருமாநல்லூர் சாலையில் இருக்கும் பிசியோதெரபிக்கு நான்தான் காரில் கூட்டிப்போவேன். விடாமல் வந்தால் கைத்தடி இல்லாமல் நடக்கலாம், நடுவில் விட்டால் இதுவரை கிடைத்ததும் போய்விடும் என்று அங்கே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அவருக்கோ அங்கே போவதென்றால் வேப்பங்காய். ஆட்டோவிலும் ஏறமாட்டார். ஒருமுறை ஆட்டோவிலிருந்து இறங்கும்போது டீக்கடை வாசலில் விழுந்துவிட்டார், நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். விழுந்ததைக்கூட மறந்துவிட்டார், அந்த நாலு பேரைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆகவே கார் ஓடினால்தான் சிகிச்சை. கார் நின்றால் அவரும் நின்றுவிடுவார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

இருபது வருடம் ஒரு பனியன் கம்பெனியில் டிரைவராக இருந்தவர் அவர். அதே கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் பனியன் ஓரம் தைக்கும் டெய்லராக இருந்தவள், இன்றும் இருப்பவள் நான். நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினேன். அதற்காக என்னைப் பாராட்டுவார் என்று பார்த்தால், பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. "வாங்க முதலாளி, போலாமுங்களா?" என்று கிண்டல் செய்வேன். சிரிக்கமாட்டார்.

அப்படி ஒரு ஏழெட்டு மாதம் ஓட்டியிருப்பேன், சத்தம் தொடங்கியது. கிர்ர்ரென்று, மிக்ஸியில் காய்ந்த மிளகாய் விழுந்த மாதிரி. பின்சீட்டிலிருந்து உடனே தீர்ப்பு வந்தது.

"கியர்பாக்ஸ் போச்சு. நீ கியர் மாத்தற லட்சணத்துக்கு இத்தன நாள் தாங்குனதே பெருசு. வண்டிய வித்துத் தள்ளி உட்ரு. இனி தெரபியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"சத்தத்துக்கும் தெரபிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"வண்டியில்லாம எப்படிப் போறது? ஆட்டோவுலயா?"

எனக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷன் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார், என் கார் அதை எடுத்துக் கொடுத்துவிட்டது.

மறுநாள் பெர்மிஷன் போட்டுவிட்டு வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர் வரவில்லை. மெக்கானிக் நிதானமான ஆள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, இன்ஜினை மட்டும் ஓடவிட்டார். கிளட்சைத் தொடாமல் இருந்தார், சத்தம் இல்லை. பெடலை லேசாக அழுத்தினார், கிர்ர் என்றது. முழுக்க அழுத்தினார், கூடியது. காலை எடுத்தார், நின்றது. இதையே நாலைந்து தடவை செய்தார்.

"அக்கா, கியர்பாக்ஸ் நல்லா இருக்குதுங்க. அதுக்குள்ள இருக்கிற பேரிங்கா இருந்தா, காலை எடுத்தாச் சத்தம் வரும், மிதிச்சா நிக்கும். இது மிதிச்சாத்தான் வருது. ரிலீஸ் பேரிங்குங்க. கிளட்சை மிதிக்கும்போது மட்டும் வேலை செய்யற சாமான். மாத்திப் போட்டாச் சரியாயிரும்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் மெக்கானிக் அதோடு விடவில்லை. "போன தடவை, உடம்பு முடியாமப் போறதுக்கு முன்னால, உங்க வீட்டு அண்ணனே வந்து கிளட்ச் செட்டு புதுசா மாத்தீட்டுப் போனாருங்களே, இவ்வளவு சீக்கிரம் போகக் கூடாதுங்க. கிளட்சு மேல காலை வெச்சுட்டே ஓட்டறீங்களாட்டம் இருக்குது" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெண் ஓட்டினால் இப்படித்தான் என்று இவரும் ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். "சத்தியமா வெக்கறதில்லீங்க. பழகும்போதே சொல்லிக் குடுத்திருக்காங்க. காலு கீழதான் இருக்கும்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்க, நான் கம்பெனிக்கு வந்தேன். அன்று கட்டிங் பிரிவிலிருந்து பனியன் கைக்கு வெட்டிய துணி வரத் தாமதம். எங்கள் லைனே சும்மா உட்கார்ந்திருந்தது. என் கையிலிருந்த நூல் வெட்டும் டிரிம்மர் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஓவர்லாக் மெஷினில் இடது காலால் ஓட்டுவோம், வலது காலால் துணியைப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்குவோம். மெஷின் எதுவும் ஓடவில்லை. ஆனால் மேசைகளுக்கு அடியில், வரிசையாக, அத்தனை பேருடைய இடது காலும் பெடல் மேல் இருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்ட கால், கொலுசு போட்ட கால், வெடித்த கால், ஒன்றுகூடத் தரையில் இல்லை. பண்டல் வந்து விழுந்த நொடியில் ஓட்ட வேண்டும் என்று இருபது வருடமாகப் பழகிய கால்கள். என் காலைப் பார்த்தேன். அதுவும் அங்கேதான் இருந்தது, லேசாக அழுத்தியபடி. அது அங்கே இருப்பது எனக்கே தெரியவில்லை. காரில் கிளட்சும் அதே இடது காலுக்குத்தான்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மெஷினில் இருந்த ஒடிசாப் பெண், "க்யா ஹுவா தீதி?" என்று பயந்துபோய்க் கேட்டாள், என்ன ஆச்சு அக்கா என்று. எனக்குத் தெரிந்த இந்தியில் அதை எப்படிச் சொல்வது?

சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் முதல் வேலையாக மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்கக்கா, கம்பெனி டிரைவருக பாதிப் பேரு இப்படித்தானுங்க" என்றார், என்னைத் தேற்றுவதற்காக. கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் வீட்டுக்காரர் அதை நல்ல கையில் வைத்து விரலால் சுழற்றினார். மணல் அரைபடுகிற மாதிரி கரகரத்தது. அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ரொம்ப நேரம் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"கியர்பாக்ஸ் இல்ல" என்றார் கடைசியில்.

"இல்லீங்க. என் காலுதான்." கம்பெனியில் பார்த்ததைச் சொன்னேன்.

"அப்பப் புதுசும் போயிரும். இருவது வருசப் பழக்கம், உன்னால உட முடியுமா?"

"முடியாதுங்க. ஓட்டும்போது ரோட்டப் பாக்கறதா, காலப் பாக்கறதா? நீங்க முன்னால உக்காந்து பாருங்க. பின்னால உக்காந்தா என் காலு எப்படித் தெரியும்?"

செவ்வாய்க்கிழமை காலையில் நான் சாவியோடு வந்தபோது அவர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கைத்தடி பின்சீட்டில் கிடந்தது.

அன்று போகும் வழியெல்லாம் ஏச்சுத்தான். "ஏ புள்ள, காலு." பாலம் ஏறுவதற்குள் ஆறு தடவை. "காலு. எடு. கீழ வெய்யி." பிசியோதெரபிக்காரப் பையன் அவரிடம் எந்தக் குரலில் சொல்வானோ அதே குரல். எனக்கு உள்ளுக்குள் அழுகையாக வந்தது. நோய் வந்த நாளிலிருந்து அவர் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு ஒருநாள்கூட அவர் போகமாட்டேன் என்று சொன்னதில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று ஒருமுறை லீவு போடப் பார்த்தபோதுகூட, "நானில்லீன்னா நீ பழையபடி காலத் தூக்கி மேல வெச்சுக்குவ, எந்திரி" என்று கிளப்பிவிட்டார். இப்போது வீட்டுக்குள் கைத்தடி இல்லாமல் நடக்கிறார். கதவைப் பிடித்துக்கொண்டுதான், ஆனாலும் நடக்கிறார்.

ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது. என் கால் தேறி மூன்று மாதம் ஆகிறது. இப்போதெல்லாம் தானாகவே தரையில் இருக்கப் பழகிவிட்டது. ஆனால் சில காலைகளில் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச்சே இல்லாமல் வருவார். அப்போது இடது காலைத் தூக்கி வேண்டுமென்றே பெடல் மேல் வைப்பேன். அவர் திரும்பிப் பார்த்து அதட்டும்வரை எடுக்கமாட்டேன். பேரிங் தேய்ந்தால் தேயட்டும், அது கடையில் கிடைக்கிறது.